சிரட்டைக்குள் ஒரு சிவப்புக் குண்டூசி

இஞ்சினியரின் மேசையில் ஒரு சிரட்டை இருந்தது. தும்பு முழுதாகப் போகாத, ஓரம் கோணலாக உடைந்த பாதித் தேங்காய் ஓடு. வரைபடத்தில் குத்துகிற குண்டூசிகளை அதற்குள் போட்டு வைத்திருந்தார். பச்சைத் தலை என்றால் ஓட்டம் புறப்படும் இடம். மஞ்சள், ஓடுகிறவர்களுக்குச் சாப்பாட்டுப் பை கொடுக்கும் இடம். நீலம் ஏற்றம். சிவப்பு, முடிவுக் கோடு. வெள்ளிப் பேனாவும் தோல் உறை போட்ட அளவுகோலும் இருக்கும் மேசையில் இந்தக் கறுத்த ஓட்டைப் பார்த்தவர்கள் ஏதோ தூர தேசத்துக் கலைப்பொருள் என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்ப்பார்கள். அவர் திருத்த மாட்டார். அது எந்த றோட்டில் பொறுக்கியது என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் எனக்கும் தெரியும். வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்து வைப்பது என் வேலை.

நான் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்துத் தீவொன்றில் இருந்து கிளம்பி, கொழும்பில் கொஞ்ச நாள் கிடந்து, எங்கெங்கோ சுற்றிப் பலெர்மோவில் வந்து இறங்கியிருந்தேன். இத்தாலியில் படித்த பட்டத்தைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். மனைவியைத் தவிர ஊர் முழுக்க அவரை இஞ்சினியர் என்றது. அவர் மனைவியை நான் சின்யோரா என்றேன். சின்யோராவுக்கு நான் ‘நீ’. இஞ்சினியர் மட்டும் கடைசிவரை என்னைப் பெரிய மனுசியைக் கூப்பிடுவதுபோல மரியாதைச் சொல் போட்டுத்தான் கூப்பிட்டார். வந்த புதிதில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான் என்பதால் அது எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. அவர் பேசியது இத்தாலியன். ஆனால் இத்தனை காலம் கழிந்து அவர் குரல் என் காதில் எங்கள் தமிழில்தான் கேட்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

நகரசபையில் தெருப் போடுவது அவர் உத்தியோகம். அவர் உயிர் இருந்தது வேறிடத்தில். மூன்று வாரம் நாடு முழுக்கச் சுற்றுகிற சைக்கிள் ஓட்டம் ஒன்று உண்டு. அது ஒவ்வொரு நாளும் எந்த ஊரில் தொடங்கி, எந்த மலை ஏறி, எந்த ஊரில் முடிய வேண்டும் என்று ஆராவது இருந்து தீர்மானிக்க வேண்டுமல்லவா? தீர்மானிக்கிறவர்கள் மிலானோவில் இருந்தார்கள். பலெர்மோ இருக்கிற சிசிலித் தீவுப் பக்கம் ஓட்டம் வருவதாக ஒரு பேச்சு எழுந்தால், பாதையை முதலில் வரைந்து அனுப்பும்படி இவரைக் கேட்பார்கள். கேட்டால் போதும், மனிதருக்குச் சாப்பாடு இறங்காது. கார் ஓட்டியபடியே மடியில் வரைபடம் விரிப்பார். ஒருமுறை காரை ஒரு மீன் வண்டியில் கொண்டுபோய் முட்டிய பிறகு, சின்யோரா என்னைப் பின்னால் ஏற்றி விட்டார். “நீ வரைபடத்தைப் பிடி. அவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும்” என்றார். தூசி தட்ட வந்தவள் பாதை பார்க்கப் போனது அப்படித்தான்.

பாதை பார்ப்பதென்றால் அழகான கடற்கரையாகப் பார்த்துக் கோடு கீறுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். முதல் நாளே அவர் காரை நிறுத்தி இறங்கிக் குந்தியிருந்து பார்த்தது மழைத் தண்ணீர் ஓடுகிற கானின் மூடி ஒன்றை. அதன் இரும்புக் கம்பிகள் றோட்டு ஓடும் பக்கமாகவே ஓடினால் சைக்கிள் சில்லு உள்ளே போய்விடும். குறுக்கே இருக்க வேண்டும். பிறகு ஒரு சுரங்கத்துக்குள் வெளிச்சம் போதுமா என்று பார்த்தார். ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், லொறிகளை எங்கே விடுவது, கடைசி வளைவுக்கும் முடிவுக் கோட்டுக்கும் நடுவே முட்டி மோதாமல் பாய இடம் இருக்கிறதா, கடற்காற்று எந்தப் பக்கத்தால் அடித்து ஓடுகிறவர்களின் கூட்டத்தைக் கிழிக்கும், எல்லாம் பார்த்தார். வரைகிறவனுடைய கெட்டித்தனம் கஷ்டமான றோட்டைக் கண்டுபிடிப்பதில் இல்லை என்பார். எந்தக் கஷ்டத்தை எந்த நாளில் வைப்பது என்பதுதான் வேலை.

“முதல் கிழமையிலேயே ஆக்களைக் கொல்லக் கூடாது. கலியாண வீட்டில முதல் பந்திக்கே பாயசத்தை ஊத்தினால் பிறகு சோறு ஆர் தின்னுறது?” அவர் சொன்னது பாயசமும் இல்லை, கலியாணமும் இல்லை, கஸ்ஸாத்தா என்கிற கேக்கைப் பற்றித்தான். என் காதில் அது பாயசமாகி விட்டது.

ஓட்டம் வரப்போகிறது என்று மணத்தவுடன் மேயர்கள் வரத் தொடங்கினார்கள். மலைக் கிராமத்து மேயர் ஒருவர் கூடை நிறைய ஆர்ட்டிசோக் காய் கொண்டுவந்து குசினியில் இறக்கிவிட்டு, தன் நகரசபை வாசலால் ஓட்டம் போக வேண்டும் என்று நின்றார். இஞ்சினியர் ஆர்ட்டிசோக்கைச் சாப்பிட்டார். மேயரின் ஊருக்கு ஒரு ஞாயிறு போய், வாசலில் பதித்திருந்த உருளைக் கல்லைப் பார்த்தார். “உங்கட மனைவியை ஒருக்கா இதால சைக்கிள் ஓடச் சொல்லுங்கோ. அவ விழாமல் வந்தால் நான் கோட்டைப் போடுறன்” என்றார். மேயருக்கு முகம் கறுத்துவிட்டது. எனக்குக் காருக்குள் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாட்சண்யம் பார்க்காத மனிதர். ஆனால் ஒரேயொரு இடத்தில் மட்டும் அவருக்கே ஆசை கண்ணை மறைத்தது. அது பலெர்மோவின் தலைக்கு மேல் நிற்கிற பெல்லெக்ரீனோ மலை. முடிவுக் கோடு அந்த மலையின் உச்சியில், புனித ரொசாலியாவின் குகைக் கோயிலுக்குக் கீழே உள்ள வளைவுக்கு அப்பால் விழ வேண்டும் என்பது அவருடைய ஆசை. வரைபடத்தில் அந்த இடத்தில் சிவப்புக் குண்டூசியை அவர் குத்தி வைத்துப் பல வருடம் ஆகியிருந்தது. அதைத் தொடாமல்தான் நான் தூசி தட்டுவேன்.

ஏன் அந்த மலை என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்ல அவர் என்னை பல்கனிக்குக் கூட்டிப் போனார். மாஃபியாக்காரர் நீதிபதிகளைக் குண்டு வைத்துக் கொன்ற காலம் கடந்து அதிக நாள் ஆகவில்லை. அப்போது ஊர்ச் சனம் எதிர்ப்புக் காட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகளைப் பல்கனிகளில் தொங்கவிட்டது. எங்கள் வீட்டு விரிப்பையும் நான்தான் தோய்த்துத் தொங்கவிட்டேன். “பலெர்மோ எண்டு சொன்னால் உலகத்துக்கு எரிஞ்ச காரும் இரத்தமும்தான் தெரியும். அந்த மலையில ஓட்டம் முடிஞ்சால், ஹெலிகொப்டர் பின்னேரம் முழுக்க இந்த ஊருக்கு மேல நிண்டு படம் பிடிக்கும். கடல், தோடம்பழத் தோட்டம், தெருவில நிக்கிற சனம் எல்லாம் தெரியும். ஒரு பின்னேரம் போதும் எனக்கு” என்றார்.

செத்தவர்களின் செய்தியில் மட்டும் பெயர் அடிபடுகிற ஊரில் இருந்து வந்தவள் நான். அவர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. ஹெலிகொப்டர் என்ற சொல்லுக்கு மட்டும் என்னை அறியாமல் வானத்தை அண்ணாந்து பார்த்தேன்; எங்கள் ஊரில் அது மேலே நின்று சுடும். அதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

அந்த மலை எங்களுடைய மலையும்தான். பலெர்மோத் தமிழர் ஞாயிற்றுக்கிழமை எங்கே என்று கேட்டால் அங்கேதான். மன்னார்க் கத்தோலிக்கரும் யாழ்ப்பாணத்துச் சைவர்களும் ஒன்றாகவே ஏறுவோம், சிலர் செருப்பில்லாமல். மகனுக்கு விசா, தங்கைக்குக் கலியாணம், தனக்குப் பெர்மெஸ்ஸோ எனும் தங்கும் அனுமதி, எல்லாம் ரொசாலியாவிடம் கேட்பது. சைவமா கத்தோலிக்க வேதமா என்று அவள் ஒருநாளும் கேட்டதில்லை. மிலானோவில் இருந்து பெரியவர் பாதை பார்க்க வரப்போகிறார் என்று தெரிந்ததும், முதல் ஞாயிறே மலையில் கண்ட நாலு பேரிடம் சொன்னேன், இஞ்சினியருடைய காரியம் நல்லபடி முடிய ஒருக்கால் வேண்டிக்கொள்ளுங்கோ என்று.

வேண்டிக்கொள்ளுங்கோ என்றால் வெறுங்கையோடு வேண்டிக்கொள்கிற ஆட்களா நாங்கள்? எங்களுக்குள் கட்டை அண்ணை என்று ஒருவர் இருந்தார். ஊரில் தேர் ஓடும்போது சில்லுக்குக் கட்டை போட்டு நிறுத்துவதும் திருப்புவதும் அவர் குடும்பத்தின் உரிமை. அதனால் வந்த பெயர். இங்கே பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு பழைய மாளிகையில் தோட்டக்காரர். ஓட்டம் வரும் பாதையைப் பார்க்கப் பெரிய மனிதர் வருகிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்குத் தேர் வீதி உலா வருவதுபோலத்தான் பட்டிருக்கிறது. தேருக்கு முன்னால் என்ன செய்வோமோ அதைச் செய்ய வெளிக்கிட்டார். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அதிசயமாக இருக்கட்டுமாம்.

பெரியவர் பாதை பார்க்க வந்த ஞாயிறு காலை இஞ்சினியர் கார் ஓட்ட, பக்கத்தில் அந்த மிலானோக்காரர், பின்னால் நானும் வரைபடமும். எங்களுக்கு முன்னால், முன்பு ஓட்டத்தில் ஓடிய ஒருவர் சைக்கிளில் போய் ஒவ்வொரு வளைவாகச் சோதித்துப் பார்த்தார். பின்னால் ஒரு பொலிஸ் மோட்டார் சைக்கிள். மிலானோக்காரர் குறை சொல்ல ஆசைப்பட்டுத்தான் வந்திருந்தார் என்று நினைக்கிறேன். பாதி மலை ஏறுமுன் அவருடைய வாய் அடைத்துவிட்டது. கீழே துறைமுகம் விரிந்து கிடந்தது. “நல்லா இருக்கு” என்றார். இஞ்சினியரின் காது சிவந்ததைப் பின்னால் இருந்து பார்த்தேன்.

கோயிலுக்குக் கீழ் வளைவு. றோட்டின் இரு பக்கமும் குலையோடு வாழை மரங்கள். பகேரியா மாளிகைத் தோட்டத்தில் இருந்து வந்தவை. மாவிலைக்குப் பதிலாக எலுமிச்சை இலைத் தோரணம். ஒரு மேசையில் நிறைகுடம். சேலை கட்டிய பெண்கள், வேட்டி கட்டிய ஆண்கள், ஒரு பெருங் கூட்டம். நான் வாயைத் திறக்குமுன் கட்டை அண்ணை தேங்காயைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். சைக்கிள் தெரிந்ததும் ஓங்கி அடித்தார். அதோடு ஒவ்வொருவரும் அடித்தார்கள். வளைவு முழுக்கத் தேங்காய்த் தண்ணீரும் ஓட்டுத் துண்டுகளும். சைக்கிள்காரர் பிரேக்கைப் பிடித்தார், சில்லு வழுக்கியது, முழங்காலும் முழங்கையும் தேய வாழை மரத்தடியில் போய்க் கிடந்தார்.

தடங்கல் விலகத்தான் தேங்காய் அடிப்பது. இங்கே ஆளே விழுந்து கிடந்தார். முதலில் அசைந்தது மன்னார் அக்கா ஒருவர். நிறைகுடத்துத் தண்ணீரை எடுத்து அந்த மனிதரின் முழங்காலைக் கழுவத் தொடங்கினார். அந்த மனிதரும் குழந்தைபோலக் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். காயம் தோலோடுதான். ஆனால் மிலானோக்காரர் காரை விட்டு இறங்கிக் கதவை அறைந்து சாத்தினார். பொலிஸ்காரரும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி இறங்கினார். அங்கே நின்றவர்களில் எத்தனையோ பேருக்குப் பெர்மெஸ்ஸோ கிடையாது. ஒவ்வொருவராகப் பின்னுக்குப் போய்ப் பழைய கல்லுப் பாதையால் இறங்கப் பார்த்தார்கள். கட்டை அண்ணை மட்டும் அசையாமல் நின்றார். அவருக்கும் கடதாசி இல்லை.

“இவை ஆர்?” என்று மிலானோக்காரர் கேட்டார். கேட்டுவிட்டுத் தானே வழியும் காட்டிக் கொடுத்தார். “வெளியாக்கள் எண்டால் பிரச்சினை இல்லை. ஓட்டம் நடக்கிற அண்டைக்குப் பொலிஸை விட்டு மலையை மூடிப்போடலாம். இந்த ஊர்ச் சனமே இப்பிடித்தான் எண்டால், நான் இஞ்சை முடிவுக் கோடு போட மாட்டன்.”

ஓம், வெளியாக்கள்தான் என்று ஒரு சொல். அது பொய்யும் அல்ல. சொல்லியிருந்தால் மலை அவருடையது. பல வருடமாகக் குத்தியிருந்த சிவப்புக் குண்டூசி அந்த இடத்திலேயே நின்றிருக்கும். எங்களில் சிலர் அன்றே குவெஸ்தூரா எனும் பொலிஸ் அலுவலகத்தில் குந்தியிருப்போம். நான் அவருடைய வாயைப் பார்த்தேன். அவர் சொல்ல மாட்டார் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது என்று எழுத ஆசைதான். இருக்கவில்லை. சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

இஞ்சினியர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். “பலெர்மோக்காரர். வேறை ஆர்? நான்தான் வரச் சொன்னனான்” என்றார்.

இஞ்சினியர் வரச் சொன்ன ஆட்களிடம் பொலிஸ்காரர் என்ன கேட்பது? திரும்பிப் போய் மோட்டார் சைக்கிளில் ஏறிக்கொண்டார். “அப்ப மலை இல்லை” என்றுவிட்டு மிலானோக்காரர் காருக்குள் ஏறி இருந்தார். இஞ்சினியர் உடனே ஏறவில்லை. குனிந்து ஒரு பாதித் தேங்காயை எடுத்து, ஊதி, கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு கட்டை அண்ணையிடம் போய்க் கை கொடுத்தார்.

வீட்டில் சின்யோரா போட்ட சத்தம் வுச்சீரியாச் சந்தைவரை கேட்டிருக்கும். உன்னுடைய ஆட்கள், உன்னுடைய தேங்காய் என்று எனக்கும் விழுந்தது. நியாயமான பேச்சு, நான் வாங்கிக்கொண்டேன். இஞ்சினியர் மேசைக்கு முன்னால் இருந்து பேனாக்கத்தியால் தேங்காயைக் கிளறிக் கிளறித் தின்றார். தின்று முடித்த ஓட்டைத் துடைத்து மேசையில் வைத்தார். எழுந்து போய் வரைபடத்தில் இருந்த சிவப்புக் குண்டூசியைப் பிடுங்கி அதற்குள் போட்டார். அது விழுந்த சத்தம் சின்னதுதான், ஆனால் சின்யோராவின் வாய் நின்றுவிட்டது. நான் குசினிக்குப் போய் அழுதேன். அழுததைக் கண்டுவிட்டு இஞ்சினியர் வாசலில் வந்து நின்றார். “ஏன் அழுறீங்கள்? மலை எங்கையும் போகாது. நாளைக்கு வரைபடத்தைப் பிடிக்க வாருங்கோ, வேலை கிடக்கு” என்றார்.

மலை இல்லாவிட்டால் மலையின் காலடி. அடுத்த நாளே வேறு கோடு கீறினார். பகேரியாப் பக்கத்தால் உள்ளே வந்து, கடலோரமாக நகரத்தைச் சுற்றி, மலையடிப் பூங்கா வழியாகப் போய் மொண்டெல்லோக் கடற்கரையில் முடிகிற பாதை. அதைப் பார்த்து மிலானோக்காரர் ஒரு குறையும் சொல்லவில்லையாம். அங்கே குத்துவதற்கு இஞ்சினியர் புதிதாக ஒரு சிவப்புக் குண்டூசி வாங்கினார். பழையதைத் தொடவில்லை.

பிறகு அவர் செய்த காரியம்தான் எனக்குப் பெரிது. அடுத்த ஞாயிறு மலைக்குத் தானே நடந்து வந்தார். மூச்சு வாங்க வாங்கக் கட்டை அண்ணையைத் தேடிப் பிடித்து, என்னை மொழிபெயர்க்கச் சொன்னார். “தேர் ஓடேக்கை சனத்தைச் சில்லுக்குக் கிட்ட விடாமல் ஆர் பாக்கிறது?”

“நாங்கள்தான். வேறை ஆர்?” என்றார் கட்டை அண்ணை.

“அப்ப பூங்கா வளைவு உங்களுக்கு. கொடியும் விசிலும் நான் தாறன். கடைசி ஆள் போகும்வரைக்கும் றோட்டு திறந்திருக்க வேணும். முதல் ஆளுக்கு எல்லாரும் நிப்பினம். கடைசி ஆளுக்கு நிக்கிறவன்தான் எனக்கு வேணும்.”

கட்டை அண்ணை யோசித்தார். “தேங்காய்?” என்றார். நான் மொழிபெயர்க்குமுன்னரே இஞ்சினியர் தலையை ஆட்டி, வேண்டாம் என்றுவிட்டார்.

ஓட்ட நாளில் முடிவுக் கோட்டருகே அவருக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். அவர் அங்கே போகவில்லை; பூங்கா வளைவில் எங்களோடு நின்றார். எங்கள் ஆட்கள் கையில் கொடி, கழுத்தில் விசில், முகத்தில் தாங்க முடியாத உத்தியோகக் களை. ஒரு சிசிலியக் கிழவர் குறுக்கே கடக்கப் பார்த்ததற்குக் கட்டை அண்ணை ஊதிய விசிலில் கிழவர் வந்த வழியே போய்விட்டார். சனம் சிரித்துக்கொண்டிருந்தபோது ஹெலிகொப்டர் சத்தம் கேட்டது. தூரத்தில் இருந்து மரங்களுக்கு மேலால் தாழ்ந்து வந்தது. கொடி பிடித்தவர்கள், பிள்ளை தூக்கியவர்கள், நான், அத்தனை தமிழரும் பூங்காவின் பழைய மதிலோடு போய் ஒட்டிக்கொண்டோம். கட்டை அண்ணை ஒரு பிள்ளையின் தலையைக் கையால் மூடியிருந்தார்.

றோட்டோரம் நின்ற பலெர்மோச் சனம் எங்களை விளங்காமல் பார்த்தது. இஞ்சினியருக்கு எப்படி விளங்கியது என்று எனக்குத் தெரியாது. வந்து எங்களோடு மதிலில் முதுகைச் சாய்த்து நின்றார். மேலே பார்த்தார். “இது படம்தான் எடுக்கும். கையைக் காட்டுங்கோ” என்று மெதுவாகச் சொன்னார். முதலில் அவர்தான் கை காட்டினார். பிறகு மன்னார் அக்கா. பிறகு எல்லோரும் றோட்டுக்குத் திரும்பி வந்து, பைத்தியம் பிடித்தவர்கள்போல அந்த ஹெலிகொப்டருக்குக் கை காட்டிக்கொண்டு நின்றோம். எங்கள் கண் முன்னால் ஓட்டம் வந்து, சுளகில் நெல் கொட்டுகிற சத்தத்தோடு கடந்தது. வென்றவன் ஆர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நெடுநேரம் கழித்துத் தனியாக ஒருவன் வந்தான், வாய் திறந்தபடி, உடம்பெல்லாம் உப்புப் பூத்து. கட்டை அண்ணை அவனுக்காகக் கொடியைத் தூக்கி நிமிர்ந்து நின்றார். அவன் போகும்வரை ஒருவரையும் றோட்டில் கால் வைக்க விடவில்லை.

கட்டை அண்ணை பிறகு ஜெர்மனிக்குப் போய்விட்டார். இஞ்சினியர் கண்ணை மூடி இப்போது சில வருடம். ரொசாலியாவின் மலையில் இப்போது எங்கள் பிள்ளைகள் விலையான சைக்கிள்களில், சிசிலிய இத்தாலியனில் கத்திக்கொண்டு ஏறுகிறார்கள். நாங்கள் நடந்து ஏறுகிறோம். அவர் வீட்டை விற்கும்போது இஞ்சினியரின் மகள் என்னைக் கூப்பிட்டு, ஞாபகத்துக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். சிரட்டையும் சுவரில் இருந்த வரைபடமும் என்றேன். அவள் வெள்ளிப் பேனாவைத்தான் நீட்டினாள், வேண்டாம் என்றுவிட்டேன்.

எங்கள் குசினிச் சுவரில் அந்த வரைபடத்தை ஒட்டிய அன்று, சிரட்டையைக் கவிழ்த்துக் குண்டூசிகளைக் கொட்டினேன். பழைய சிவப்பு அடியில் கிடந்தது. கம்பி கொஞ்சம் துருப்பிடித்திருந்தது. மலை வளைவில் பழைய துளை இன்னும் தெரிந்தது. அதிலேயே வைத்துப் பெருவிரலால் அமத்தினேன். பலெர்மோச் சுவர் கல்லுச் சுவர், இறங்கவில்லை. சிரட்டையைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் ஓங்கி ஒரு அடி அடித்தேன், இறங்கிவிட்டது.